ஊருக்கு ஒப்புவிக்கும் கணக்கு

பரிசளிப்பு விழா என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் வருவன பரிசுப் புத்தகங்களும், மாவிலைத் தோரணமும், பிரதம விருந்தினரின் மாலையுமே. அதிபரின் ஆண்டறிக்கை நினைவுக்கு வருதல் அரிது. வந்தாலும், நாடகம் தொடங்குமுன் பொறுத்திருந்து கேட்கவேண்டிய நீண்ட வாசிப்பு என்ற அளவிலேயே வரும். எனக்கோ அவ்வறிக்கையின்மீது இளமை தொட்டே ஒரு பற்று உண்டு. மாணவனாய் இருந்து அதனைக் கேட்டேன். ஆசிரியனாய் இருந்து அதற்கு வேண்டிய கணக்குகளைத் திரட்டிக் கொடுத்தேன். மலர்க் குழுவினர் கல்லூரி நினைவுகளை எழுதும்படி பணித்தபோது, விளையாட்டு வெற்றிகளையும் விடுதிச்சாலைக் குறும்புகளையும் எழுத வல்லார் பலர் உளர் என்பதால், ஒருவரும் எடாத இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

அந்த நாளைய அறிக்கைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலிற் பிரதம விருந்தினருக்கும் அவர்தம் பாரியாருக்கும் வரவேற்பு. பின் அவ்வாண்டிற் சிவபதம் அடைந்தோர்க்கு அஞ்சலி. அதன்பின் மாணவர் தொகை, ஆசிரியர் மாற்றங்கள், பரீட்சைப் பேறுகள். தொடர்ந்து துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், சாரணர், நவராத்திரி விழா, குருபூசைகள், நூல்நிலையம் என்பன வரும். ஈற்றிற் "கல்லூரியின் தேவைகள்" என்ற தலைப்பில் ஓர் ஆய்கூடமோ ஒரு மண்டபமோ கேட்கப்படும். நன்றியுரையோடு அறிக்கை முற்றுப்பெறும். இவ்வொழுங்கு ஏறத்தாழ எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவானது.

ஆயினும், இக்கணக்கை யார் யாருக்கு ஒப்புவிக்கிறார் என்பது ஒவ்வொரு காலத்தும் வேறுபட்டே வந்திருக்கிறது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கை அச்சிட்டது. கடல் கடந்து பொருள் அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டிய கடமை அதற்கு இருந்தது. 1869இல் அரசாங்கம் பொதுப் போதனைப் பகுதியை நிறுவியபின், பரீட்சைப் பேற்றை அளந்து உதவி நன்கொடை கொடுக்கும் முறை வந்தது. அப்பொழுது பாடசாலைகள் பரிசோதகருக்கே பெரிதும் அஞ்சின. நம்மவர் கல்லூரிகளின் வரலாறு வேறு. 1848இல் வண்ணார்பண்ணையில் நாவலர் பெருமான் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாள் முதல், 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிக் கிராமந்தோறும் பாடசாலை அமைத்த காலம் வரை, அவற்றைத் தாங்கிநின்றது ஊரவர் கையே. எமது ஊரிலும் காணி கொடுத்தவர் ஒருவர், பனைமரம் தறித்துக் கொடுத்தவர் ஒருவர், பணமில்லாமையாற் கூரை வேய நின்றவர் பலர். ஆகவே எமது அதிபர் கணக்கு ஒப்புவிக்கவேண்டியது அமெரிக்காவுக்கும் அன்று, பரிசோதகருக்கு மாத்திரமும் அன்று. முன் வரிசைக் கதிரைகளுக்குப் பின்னால் வாங்குகளில் இருந்த அந்த ஊரவருக்கே.

ஆனால் 1954ஆம் ஆண்டு நான் ஏழாம் வகுப்பு மாணவனாய் இருந்து கேட்ட அறிக்கை, அவர்களுக்கு விளங்காத ஆங்கிலத்தில் இருந்தது. எந்தையார் புகையிலைத் தோட்டக்காரர். வெள்ளை வேட்டியும் தோளிற் சால்வையுமாகக் கடைசி வாங்கில் அமர்ந்து, ஒரு மணி நேரம் அசையாது கேட்டார். வீடு திரும்பும் வழியில், "தம்பி, உவர் உவ்வளவு நேரமும் என்ன சொன்னவர்?" என்று கேட்டார். எஸ். எஸ். ஸி. பரீட்சையிற் சித்தியெய்தியோர் விகிதம் சென்ற ஆண்டினும் உயர்ந்துள்ளது என்று அதிபர் கூறியதை நான் பெருமையோடு தமிழிற் சொன்னேன். அவர் சிறிது தூரம் பேசாது நடந்தார். பின், "இடையிலை நிண்ட பிள்ளையளைப் பற்றி ஏதும் சொன்னவரே?" என்றார். இல்லை என்றேன். "நட்ட கண்டு எத்தினை, பட்ட கண்டு எத்தினை எண்டு சொல்லாமல் விளைச்சலை என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

அவர் கேட்டது வெறும் கணக்கு அன்று. என் தமையனார் அதே கல்லூரியில் எட்டாம் வகுப்பு வரை பயின்றவர். கணிதத்தில் என்னிலும் வல்லவர். எந்தையாருக்கு நோய் கண்ட ஆண்டில், தோட்டத்துக்கு இறைக்க ஆளில்லாமையால், துலா மிதிக்கப் போனவர் மீண்டும் கல்லூரிக்குச் செல்லவில்லை. இலவசக் கல்வி 1945இலேயே வந்துவிட்டது என்பது உண்மை. எனினும் கட்டணம் நீங்கியமையால் மாத்திரம் ஓர் ஏழைப் பிள்ளை கல்லூரியில் நிலைத்துவிட முடியாது. இலவசப் பாடநூல் 1980இலும், இலவசச் சீருடைத் துணி 1993இலுமே வந்தன. புத்தகமும் உடையும் வாங்கப் பணம் வேண்டியிருந்த காலத்தில், இறைப்புக்கு ஓர் ஆளும் வேண்டியிருந்த வீடுகளிலிருந்து எத்தனையோ பேர் அவ்வாறு நின்றனர். அவர்கள் பரீட்சைக்குத் தோற்றாமையாற் சித்தியெய்தியோர் வரிசையிலும் இல்லை, தவறியோர் வரிசையிலும் இல்லை. அறிக்கையைப் பொறுத்தவரை அவர்கள் பிறக்கவேயில்லை.

எந்தையாரின் கேள்வியை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டலாம். ஆறாம் வகுப்பில் 100 பிள்ளைகள் சேர்ந்தனர் எனக் கொள்வோம். அவர்களுள் 60 பேர் பரீட்சைக்குத் தோற்றி, 45 பேர் சித்தியெய்தினால், தோற்றியோருள் நூற்றுக்கு 75 பேர் சித்தி என்று அறிக்கை கூறும். அது பொய் அன்று. ஆனால் சேர்ந்தோரை வைத்து நோக்கின் நூற்றுக்கு 45 பேரே கரையேறினர். அடுத்த ஆண்டு நலிந்த மாணவர் 10 பேரைப் பாடசாலை மூலம் தோற்றவிடாது, தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக விண்ணப்பிக்கும்படி சொல்லி ஒதுக்கினால், 50 பேருள் 45 பேர் சித்தி. விகிதம் 90 ஆகிவிடும். ஒரு பிள்ளையேனும் கூடுதலாகக் கற்றிலது. விகிதமோ 15 புள்ளி ஏறிவிட்டது. எண் எப்பொழுது கல்வியைக் காட்டும், எப்பொழுது அதனை மறைக்கும் என்பதை அறிய இவ்வளவு கணக்கே போதும்.

பட்டம் பெற்று, 1960களின் நடுப்பகுதியில் நான் அதே கல்லூரிக்கு ஆசிரியனாய் வந்தேன். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு மாறியிருந்தன. "இனி அறிக்கை வித்தியா பகுதிக்கு அனுப்பினாற் போதும், ஊரவரைக் கூட்டி வாசிப்பது எதற்கு?" என்று கேட்டோரும் இருந்தனர். அப்போதைய அதிபர் அதற்கு இணங்கவில்லை. அறிக்கையைத் தமிழில் எழுதினார். என்னை அழைத்துச் சேர்விடாப்பையும் வரவு இடாப்புகளையும் கையிற் கொடுத்து, ஐந்து ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் இன்று எங்கே என்று கண்டு எழுதும்படி பணித்தார். மூன்று மாதம் மாலை வேளைகளிற் சைக்கிளில் வீடு வீடாகச் சென்றேன். வேறு கல்லூரிக்கு மாறியோர் சிலர், தென்னிலங்கைக் கடைகளுக்குச் சென்றோர் சிலர், தோட்டத்திலும் கடலிலும் தொழில் செய்வோர் சிலர், நோயுற்றோர் சிலர், "வகுப்பேற்றவில்லை, அதனால் வெட்கப்பட்டு நின்றான்" என்று தாய்மார் சொன்னவர் பலர்.

அவ்வாண்டு அறிக்கையில் "இடையில் விலகிய மாணவர்" என ஒரு பகுதி புதிதாய்ச் சேர்ந்தது. பெயர் சொல்லாது, தொகையும் காரணமும் மாத்திரம் வாசிக்கப்பட்டன. மண்டபத்தில் ஓர் அமைதி நிலவியது. விழா முடிந்தபின் பழைய மாணவர் ஒருவர் அதிபரை அணுகி, "எங்கள் குறையை நாங்களே மேடையிற் சொல்வதா? அயற் கல்லூரியார் சிரிக்கமாட்டார்களா?" என்று வருந்தினார். அதிபர் சினவாது, "இவர்களைச் சேர்விடாப்பில் எழுதியவன் நான், எங்கே போனார்கள் என்று சொல்லவேண்டியவனும் நானே" என்றார். அவ்வாறு வருந்திய அன்பரே அடுத்த மாதம் சந்தை வணிகர் சிலரைச் சேர்த்து, வறிய மாணவருக்குப் புத்தகமும் பஸ் கட்டணமும் உதவும் ஒரு நிதியைத் தொடக்கினார் என்பதை இங்கு நன்றியோடு குறிப்பிடல் வேண்டும். நின்ற பிள்ளைகளுட் சிலர் மீண்டனர். என் தமையனாரின் காலம் கடந்துவிட்டது. அவர் மகன் மீண்டவர்களுள் ஒருவன். அன்றும் எந்தையார் கடைசி வாங்கிலேயே இருந்தார். வழியில் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "இப்பதான் கணக்குச் சரி."

அறிக்கை ஊரவரின் அறிவுக்குத் துணைநின்ற வேறு சந்தர்ப்பங்களும் உண்டு. 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் முறை புகுத்தப்பட்டபோது, நல்ல புள்ளி பெற்ற தம் பிள்ளைக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்பது பெற்றார்க்கு விளங்கவில்லை. பிள்ளை படிக்கவில்லை என்று அடித்தவர்களும் உண்டு. அம்முறை எவ்வாறு இயங்குகின்றது என்பதை அதிபர் தம் அறிக்கையில் எடுத்து விளக்கினார். பிள்ளைமீது இருந்த பழி அன்று நீங்கியது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாளை வலிகாமத்தார் எவரும் மறவார். இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்ற அவ்விரவில், எமது கல்லூரி எழுதுவினைஞர் தம் வீட்டுப் பொருள்களுட் பாதியை விட்டுவிட்டுச் சேர்விடாப்பைப் பொலித்தீனிற் சுற்றிச் சைக்கிளிற் கட்டிக் கொண்டுவந்தார். சில வாரங்களின் பின், இடம் தந்த ஒரு பாடசாலையின் கிடுகுக் கொட்டகையிற் பிற்பகல் வகுப்புகளைத் தொடங்கினோம். அவ்வாண்டு பரிசும் இல்லை, விருந்தினரும் இல்லை. எனினும் அதிபர் பெற்றாரைக் கூட்டி அறிக்கை வாசித்தார். யார் யார் வந்து சேர்ந்தனர், யார் வன்னிக்குச் சென்றனர், யாரைப்பற்றி ஒரு செய்தியும் இல்லை என்பதே அதன் பொருள். ஒவ்வொரு வகுப்பாக வாசிக்க, கூட்டத்திலிருந்து, "அந்தப் பிள்ளை கொடிகாமத்திலை நிக்குது", "அவை கிளிநொச்சிக்குப் போட்டினம்" என்று குரல்கள் எழுந்தன. அவர் பென்சிலாற் குறித்துக்கொண்டார். நான் கேட்ட அறிக்கைகள் பலவற்றுள்ளும் அதுவே சிறந்ததென்பேன். ஏனெனில் அன்று ஊரே அதனை எழுதி முடித்தது.

அறிக்கை எழுதப்படுதல் மாத்திரம் போதாது, பேணப்படுதலும் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பின் வந்த இடப்பெயர்வுகளிற் கல்லூரிகளின் பழைய ஏடுகள் பலவும் மறைந்தன. இன்று பழைய மலர் ஒன்றில் அச்சான ஆண்டறிக்கையே, ஒரு காலத்து மாணவர் தொகைக்கும் ஆசிரியர் பெயர்களுக்கும் எஞ்சிய ஒரே சான்றாய் நிற்கக் காண்கிறோம். 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற எண்ணிம நூலகம் கல்லூரி மலர்களையும் திரட்டிக் காத்து வருவது போற்றற்குரியது. தம் வீட்டு அலுமாரியிற் பழைய மலர் வைத்திருக்கும் அன்பர்கள் அதற்கு உதவுதல் கடனாகும்.

இனி இக்கால நிலையை நோக்குவோம். இன்று கல்லூரி வாயில்களில், ஒன்பது பாடத்திலும் "ஏ" பெற்ற மாணவரின் படங்கள் பெரும் பதாகைகளாய்த் தொங்குகின்றன. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொள்ளப்படும் இசட் புள்ளியைத் தசமம் பிசகாது பெற்றார் ஒப்பிடுகின்றனர். உழைத்த பிள்ளையைப் பாராட்டுதல் நன்றே. ஆனால் பதாகையில் இடம் பெறாத பிள்ளைகளைப் பற்றி ஊருக்கு யார் சொல்வது? இலண்டனிலும் தொரன்ரோவிலும் இருந்து பழைய மாணவர் அன்போடு பொருள் அனுப்புகின்றனர். வாயில் வளைவும் மண்டபமும் எழுகின்றன. பொருள் தருவோர் கட்டடத்தின் படத்தைக் கேட்பதோடு அமையாது, மூன்று எண்களையும் கேட்பாராக: சேர்ந்தவர் எத்தனை, நின்றவர் எத்தனை, ஏன் நின்றனர்? இம்மூன்றையும் ஆண்டுதோறும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், எளிய தமிழில், பெயர் குறியாது வாசித்தல் ஓர் அதிபருக்கு அரிய செயலன்று. அவ்வாறு வாசிக்கும் அதிபரை, விகிதம் குறைந்ததெனக் குறைகூறாது, தோள்கொடுத்துத் தாங்குதல் நமது கடன். குறையைச் சொன்னவரைத் தண்டிக்கும் ஊருக்குக் குறை ஒருநாளும் சொல்லப்படமாட்டாது.

கல்லூரித் தாய் விழாக் காணும் இந்நன்னாளில் அவள் பெற்ற வெற்றிகளை எண்ணி மகிழ்கின்றோம். பொறியியலாளரும் வைத்தியரும் அவள் பிள்ளைகள்; துலா மிதித்தவரும் கடை காத்தவரும் அவள் பிள்ளைகளே. அவர்கள் அனைவரையும் எண்ணிச் சொல்லும் அறிக்கை ஆண்டுதோறும் இம்மண்டபத்தில் ஒலிப்பதாக. எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.