செருப்புச் சத்தம்

என் சிகிச்சை அறைக்கு வரும் முதியவர்கள் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் வராந்தாவில் நடந்து வரும் சத்தம் எனக்கு வேண்டும்.

பிசியோதெரபி படித்து முடித்த புதிதில் கடிகாரத்தைத்தான் நம்பினேன். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 1991-இல் வந்த சோதனை. 12 நொடிக்கு மேல் ஆனால் கவனம் தேவை என்பது பலரும் கொள்ளும் கணக்கு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 10 நொடியில் முடித்தார். "நல்லா நடக்கிறீங்க ஐயா" என்று அனுப்பிவிட்டேன். மூன்றாவது வாரம் அடுக்களைப் பக்கம் போகும்போது பேத்தி பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். திரும்பியவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

நடக்கும்போது நான் அவரிடம் பேச்சுக் கொடுத்திருக்க வேண்டும். ஸ்வீடனில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் அதைத்தான் செய்து பார்த்து 1997-இல் எழுதினார்கள். 58 பேரில் 12 பேர் பேச்சுக் கொடுத்ததும் நின்றுவிட்டார்கள். அவர்களில் 10 பேர் அடுத்த 6 மாதத்துக்குள் விழுந்தார்கள். நடை தானாக ஓட வேண்டியது. அதற்கே மனசு முழுவதும் செலவானால், "சாப்பிட்டீங்களா?" என்ற ஒரு கேள்விகூடக் காலைத் தடுமாற வைக்கும்.

அதன் பிறகுதான் காதைத் தீட்டிக்கொண்டேன். பூக்கட்டும் பாட்டி ஒருவர் வருவார். மிக மெதுவான நடை. ஆனால் சரக், சரக் என்று ஒரே இடைவெளி. அவரைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஒரு அடி நீண்டு, அடுத்தது குறுகி, தாளம் தப்பிக்கொண்டே வரும் வேகமான நடைதான் என்னை எழுந்து நிற்க வைக்கிறது.

செருப்பைப் புரட்டியும் பார்ப்பேன். வீசும் காலின் விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே இருப்பது ஓரிரு சென்டிமீட்டர்தான். ஒரு செருப்பின் முன்நுனி மட்டும் தேய்ந்திருந்தால் அந்தக் கால் உரசுகிறது என்று பொருள். கால்மிதியின் ஓரமே போதும், தட்டிவிட. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் செருப்பு கழன்று போனதே தெரியாது.

பிறகு திரும்பச் சொல்வேன். திடமானவர்களுக்குத் தலை முதலில் போகும், தோளும் இடுப்பும் பின்தொடரும். மற்றவர்கள் தூண் போல மொத்தமாக, குட்டிக் குட்டி அடியாக வைத்துத் திரும்புவார்கள்.

விழுந்தவரை வீட்டார் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுவதுதான் எனக்கு ஆறாத வருத்தம். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் தொடை வலு சில வாரங்களில் கரைந்துவிடுகிறது.

ஆசிரியர் அறுவை சிகிச்சை முடிந்து வாக்கரோடு வந்தார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்தபடி நடக்கப் பழக்கினேன். இன்றும் 79-இல் நின்றுவிடுகிறார். பேத்தியிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். இப்போது அவள் முன்னால் ஓடி வந்து நின்ற பிறகுதான் "தாத்தா" என்கிறாள்.