ஐயாயிரவர் எழுதிய கட்டுரை

ஜெனீவா என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன நீலநிற ஏரியும், அதனுள் நின்று வானோக்கி எழும் நீர்த்தாரையும், கைக்கடிகாரங்களும், நாடுகள் கூடிப் பேசும் மாநாடுகளுமேயாம். ஆயின் அந்நகரின் மேற்கெல்லையில், பிரான்சு நாட்டை அடுத்துக் கிடக்கும் மேரான் என்னும் ஊரருகே, இன்னொரு ஜெனீவா இருக்கின்றது. ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் அமைந்துள்ளது. 'சேர்ண்' என்பது அதன் சுருக்கப் பெயர். கடிகாரப் பட்டறைக்குச் செல்பவர் செய்து முடித்த கடிகாரத்தைக் கண்ணாற் கண்டு மீளலாம். சேர்ண் செய்து முடித்து உலகிற்கு அளிப்பது யாது? அங்கு முதன்மையாக விளைவன ஆராய்ச்சிக் கட்டுரைகளே. அக்கட்டுரைகளையும் அவை பிறக்கும் இடத்தையும் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

சென்ற ஆகஸ்ட் விடுமுறையில், லோசான் நகரில் வாழும் என் தமக்கையார் இல்லத்திற் சில நாட்கள் தங்கியிருந்தேன். தமக்கையாரின் மகன் ஒருநாட் காலை என்னை ஜெனீவாவுக்கு அழைத்துச் சென்றான். புகையிரத நிலையத்தின் முன்னால் 18 ஆம் இலக்க டிராம் வண்டியில் ஏறினோம். அவ்வண்டியின் இறுதித் தரிப்பிடமே சேர்ண் ஆகும். கடைத்தெருக்களும் மாடிவீடுகளும் கழிந்தபின் வெளியான நிலம் தோன்றிற்று. ஒருபுறம் யூரா மலைத்தொடர் நீண்டு கிடந்தது. மறுபுறம், வானம் தெளிந்திருந்தமையால், மொண்ட் பிளாங் சிகரத்தின் பனிமுடி வெண்மையாய்த் தெரிந்தது.

வண்டியை விட்டு இறங்குவோரை முதலில் வரவேற்பது மரத்தாலான மாபெரும் கோளம். அதன் உயரம் 27 மீற்றர். 2002 ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்து நடத்திய தேசியக் கண்காட்சிக்காக அமைக்கப்பட்ட அக்கோளம், சேர்ண் தன் ஐம்பதாவது ஆண்டை நிறைவுசெய்த 2004 இல் அந்நாட்டு அரசினால் அதற்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது. அதனருகே 2023 ஒக்டோபரில் திறக்கப்பட்ட புதிய காட்சிசாலையில், பல நாட்டுச் சிறுவர்கள் பொறிகளைத் திருப்பியும் அழுத்தியும் மகிழ்ந்துகொண்டிருந்தனர்.

மருமகனின் நண்பர் ஒருவர் அங்கே பொறியியலாளராகக் கடமையாற்றுகின்றார். அவர் முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தமையால் உள்ளே சென்று பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. உள்வீதிகளுக்கு ஐன்ஸ்ரைன், கியூரி முதலிய விஞ்ஞானிகளின் பெயர்கள் இடப்பட்டிருக்கின்றன. நிறுவனத்தின் நிலம் இரு நாடுகளிற் பரந்து கிடக்கின்றது. அங்கு பணிபுரிவோர் ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்துக்குச் செல்கையில் நாட்டெல்லையைக் கடந்துவிடுவதும் உண்டு.

"மாமா, இவ்வளவு நாடுகள் சேர்ந்து ஓர் ஆய்வுகூடம் கட்ட வேண்டிய தேவை என்ன?" என்று மருமகன் வினவினான். விடை அவன் பிறந்த லோசான் நகரிலேயே தொடங்குகின்றது. 1949 டிசம்பரில் அங்கு கூடிய ஐரோப்பிய பண்பாட்டு மாநாட்டிலேதான், பிரெஞ்சு விஞ்ஞானி லூயி த புரோயி பல நாடுகளுக்கும் பொதுவான ஆய்வுகூடம் ஒன்று வேண்டுமென்ற கருத்தை முன்வைத்தார். அப்பொழுது போர் ஓய்ந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஐரோப்பிய நகரங்கள் பல இடிபாடுகளாய்க் கிடந்தன. அறிஞர் பலர் அமெரிக்கா சென்றுவிட்டனர். தனியொரு நாட்டின் பொருள்வளம் பெரும் பொறிகளைக் கட்டப் போதாது. 1953 இற் பாரிஸ் நகரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. 1954 செப்டெம்பர் 29 ஆம் நாள் 12 நாடுகளை உறுப்பாகக் கொண்டு நிறுவனம் பிறந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒன்றையொன்று அழிக்க முனைந்து நின்ற நாடுகள் அப்பன்னிரண்டினுள் இருந்தன. 2025 இல் உறுப்பு நாடுகளின் தொகை 25 ஆயிற்று.

அவ்வுடன்படிக்கையில் இரு விதிகள் நம் கருத்துக்குரியன. போர்க்கருவித் தேவைகளோடு இந்நிறுவனத்துக்கு எத்தொடர்பும் இருத்தலாகாது என்பது ஒன்று. ஆய்வின் பயன்கள் யாவும் அச்சிடப்படல் வேண்டும், அல்லது வேறு வகையில் எல்லார்க்கும் எட்டச் செய்தல் வேண்டும் என்பது மற்றொன்று. அணுவைப் பற்றிய அறிவு பூட்டிய பெட்டிக்குள் இரகசியமாய்க் காக்கப்பட்ட காலத்திலே இவ்விதி எழுதப்பட்டது என்பதை நினைக்கும்போது, அதன் துணிவு விளங்கும்.

பழைய பொறியொன்றை முதலிற் பார்த்தோம். 1957 இல் இயங்கத் தொடங்கி 33 ஆண்டுகள் உழைத்து, 1990 இல் ஓய்வுபெற்ற பொறி அது. இன்று அது பார்வையாளருக்கான காட்சிப்பொருள். புதிய பொறியோ நிலத்தின்கீழ் ஏறத்தாழ 100 மீற்றர் ஆழத்தில், 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கத்திற் கிடக்கின்றது. அச்சுரங்கத்தினுள் 1,232 பெருங் காந்தங்கள், உறைகுளிரினும் மிகக் கொடிய குளிரிலே, அதாவது பூச்சியத்துக்குக் கீழ் 271 பாகையில், புரோத்தன் கற்றைகளை வளைத்துச் செலுத்துவதற்கென அமைக்கப்பட்டுள்ளன. எதிரெதிராய் வரும் கற்றைகள் மோதும்போது தெறிக்கும் துணிக்கைகளைப் பதிவதற்கு 'அற்லஸ்', 'சி.எம்.எஸ்.' முதலிய மாபெரும் கருவிகள் உள்ளன. இவற்றை அமைக்கப் பௌதிக அறிஞர் மட்டும் போதார். குளிரூட்டும் கலை வல்லார், இலத்திரனியல் வல்லார், உலோகவியலார், கணனி அறிஞர், சுரங்கம் அகழும் பொறியியலார் எனப் பல துறையினரும் ஒருங்கே உழைத்தல் வேண்டும்.

இவ்வுழைப்பெல்லாம் ஈற்றில் எங்கு வந்து சேர்கின்றது? நண்பர் எம்மை அங்குள்ள நூல்நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். இரண்டு கட்டுரைகளின் அச்சுப்படிகளை என் கையில் தந்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

முதலாவது 1964 இல் வெளிவந்தது. எழுதியவர் பீற்றர் ஹிக்ஸ் ஒருவரே. நீளம் இரண்டு பக்கத்துக்கும் உட்பட்டது. அவர் அதை முதலில் அனுப்பிய 'பிசிக்ஸ் லெற்றேஸ்' சஞ்சிகையின் ஆசிரியர் சேர்ணிலேயே பணியாற்றியவர். அங்கே கட்டுரை ஏற்கப்படவில்லை. ஹிக்ஸ் மனந்தளராது சில வரிகளைச் சேர்த்து, அமெரிக்கச் சஞ்சிகையொன்றுக்கு அனுப்பி வெளியிட்டார். பெல்ஜிய அறிஞர் இருவர், பிரௌற், ஆங்லேர் என்போர், இதே கருத்தைத் தனித்து ஆய்ந்து அவ்வாண்டிலேயே எழுதியிருந்தனர். துணிக்கைகளுக்குத் திணிவு எவ்வாறு வாய்த்தது என்பதே அவர்கள் ஆராய்ந்த வினா.

இரண்டாவது கட்டுரை 2015 மே மாதம் வெளிவந்தது. ஹிக்ஸ் குறிப்பிட்ட துணிக்கையின் திணிவை அற்லஸ் குழுவினரும் சி.எம்.எஸ். குழுவினரும் சேர்ந்து கணித்து எழுதியது. அதன் 33 பக்கங்களில் விடயம் அடங்குவது 9 பக்கங்களில். எஞ்சிய 24 பக்கங்களும் எழுதியோரின் பெயர்களும் அவர்தம் நிறுவனங்களுமேயாம். பெயர்களின் தொகை 5,154!

இத்துணைப் பேர் சேர்ந்து எங்ஙனம் ஒரு கட்டுரையை எழுதுவது என்று வாசகர் வியத்தல் கூடும். யானும் அவ்வாறே வியந்து வினவினேன். சிறுகுழு ஒன்று கணிப்பைச் செய்து முதற்படியை எழுதுகின்றது. அதனைக் குற்றங்காணவென்றே நியமிக்கப்பட்ட மற்றொரு குழு வரிவரியாய்ச் சோதிக்கின்றது. பின்னர் அனைவரும் படிக்குமாறு அது சுற்றுக்கு விடப்படும். இளைய மாணவனும் மூத்த பேராசிரியரின் கணக்கிற் பிழை காட்டலாம். இத்தனையும் கடந்த பின்னரே சஞ்சிகைக்குச் செல்லும். புலவர் நூலைச் சங்கத்திலே அரங்கேற்றினர் என்று கேள்விப்படுகின்றோமே, அவ்வரங்கேற்றம் இங்கே சஞ்சிகை வாயிலை அடையுமுன்னரே பலமுறை நிகழ்கின்றது.

பெயர்கள் அகரவரிசையில் நிற்கின்றன. தலைவருக்கு முதலிடமில்லை, கருவியின் கம்பிகளைப் பொருத்திய பொறியியலாளரும் கோட்பாட்டில் வல்ல அறிஞரும் அருகருகே காணப்படுவர். இதில் ஒரு குறையும் உண்டு. இரவுபகலாய் உழைத்த மாணவர் யார் என்பதைப் பட்டியலைப் பார்த்து ஒருவரும் அறிய முடியாது. நோபல் பரிசும் அவ்வாறே. ஒரு துறைப் பரிசை மூவருக்கு மேற் பகிர்தல் இயலாது. 2013 இல் அது ஹிக்ஸ், ஆங்லேர் இருவருக்கும் அளிக்கப்பட்டது. பிரௌற் 2011 இலேயே காலமாகிவிட்டார். துணிக்கையைக் கண்டறிந்த ஆயிரவர்க்கோ கட்டுரையில் உள்ள பெயர் ஒன்றே பரிசு.

அக்கண்டுபிடிப்பு 2012 யூலை 4 ஆம் நாள் சேர்ணின் பெரிய மண்டபத்தில் அறிவிக்கப்பட்டது. ஹிக்ஸும் ஆங்லேரும் அங்கு வந்திருந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் இரு குழுவினரும் தனித்தனியே எழுதிய கட்டுரைகள் வெளிவந்தன. 1964 இல் ஹிக்ஸின் கட்டுரையை மறுத்த சஞ்சிகையின் வழிவந்த இதழிலேயே அவை இடம்பெற்றன என்பது சுவையான செய்தி. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ மூவாயிரம் பெயர்கள். இரு கட்டுரைகளும், தம்முடன் உழைத்துப் பயன் காணுமுன் மறைந்த தோழர்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கின்றன. எண்களும் குறியீடுகளும் செறிந்த பக்கங்களுக்கிடையே அவ்வரிகளைப் படித்தபோது என் நெஞ்சம் நெகிழ்ந்தது.

அணுவின் உட்கூறு ஒன்றே சேர்ணின் ஏடுகளில் உள்ள பொருள் என்று எண்ணலாகாது. 26 கனமீற்றர் கொள்ளளவுள்ள உருக்குக் கலமொன்றில் செயற்கை வளியை அடைத்து, முகிலுக்கு வித்தாகும் நுண்துகள்கள் எவ்வாறு உருவாகின்றன என்று வானிலை அறிஞரும் இரசாயன அறிஞரும் பௌதிக அறிஞரும் கூடி ஆராய்கின்றனர். மரங்கள் வெளிவிடும் ஆவிகளே அத்துகள்களை உண்டாக்க வல்லன என்று 2016 இல் அவர்கள் எழுதினர். ஜோர்ஜ் சார்பாக் 1968 இல் துணிக்கைகளைப் பதிவதற்கென அமைத்த கம்பிக்கலம், அவருக்கு 1992 இல் நோபல் பரிசை ஈட்டித் தந்தது. அத்தகைய கருவிகளின் துணையுடன் 1977 இலேயே சுண்டெலியொன்றின் உடலகத்தை அங்கு படம்பிடித்தனர். 1989 இல் ரிம் பேர்ணர்ஸ் லீ என்பார், பல நாடுகளிற் சிதறிக் கிடந்த ஆய்வாளர் தம் ஏடுகளைப் பகிர்ந்துகொள்ளவென ஒரு திட்டம் வகுத்தார். இன்று நாம் நாள்தோறும் கையாளும் உலகளாவிய வலை அதுவே. 1993 ஏப்ரல் 30 ஆம் நாள் சேர்ண் அதனை உலகினர்க்குக் கட்டணமின்றி விட்டுக்கொடுத்தது.

இத்தகைய கூட்டுறவுக்கும் சோதனைக் காலம் வந்தது. 2022 பெப்ரவரியில் ருஷியா உக்கிரேன் மீது படையெடுத்தது. ருஷிய, பெலாரஸ் நிறுவனங்களின் பெயர்களைத் தம் பெயருடன் சேர்த்து அச்சிட ஆய்வாளர் சிலர் இசையவில்லை. உடனிருந்து உழைத்தவரை நீக்குதல் நீதியன்று என்றனர் வேறு சிலர். இருதிறத்தார் கூற்றிலும் நியாயம் இருந்தது. ஏறத்தாழ ஓராண்டு காலம், பெரும் பொறியைச் சார்ந்த குழுவினரின் கட்டுரைகள் சஞ்சிகைகளுக்குச் செல்லாது நின்றன. ஆசிரியர் பட்டியல் இன்றி, குழுவின் பெயரை மட்டும் தாங்கி, முன்வெளியீடாக வந்தன. 2023 இன் தொடக்கத்தில் ஓர் இணக்கம் பிறந்தது: ஆய்வாளரின் பெயர் நிற்கும், நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாகப் பொதுவான சொற்றொடர் ஒன்று நிற்கும். 2024 நவம்பர் 30 உடன் ருஷியாவுடனான ஒப்பந்தம் முடிவுற்றது. போரின் வடுக்களை ஆற்றவெனப் பிறந்த நிறுவனத்தின் ஏடுகளையும் போர் தீண்டாது விடவில்லை. எனினும் மனிதரின் பெயரை அழிக்காது காத்தனர் என்பது சிறிது ஆறுதல் தருகின்றது.

வெளியேறுமுன் கட்டடங்களினிடையே ஓரிடத்தில் நின்றோம். 2004 யூன் 18 ஆம் நாள் திறந்து வைக்கப்பட்ட, இந்திய அரசு வழங்கிய நடராஜர் திருவுருவம் அங்கே நின்றாடுகின்றது. 2 மீற்றர் உயரமான வெண்கல வடிவம். அருகேயுள்ள பலகை, அவ்வாடலின் பொருளை விளக்கிய ஆனந்த குமாரசுவாமியை நினைவுகூர்கின்றது. 1877 இற் கொழும்பிற் பிறந்து, சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராய் விளங்கிய அவரைக் கலை அறிஞராகவே பலரும் அறிவர். ஆனால் அவர் முதலிற் பயின்றது புவிச்சரிதவியல். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்கு முதற் பணிப்பாளராய் இருந்தவர். 1904 இல் தோரியனைற்று என்னும் கதிர்வீசும் கனிப்பொருள் நம் தீவிற் கண்டறியப்பட்டதில் அவருக்குப் பங்குண்டு. கனிப்பொருளை ஆய்ந்த கண்ணே கலையின் உட்பொருளையும் கண்டது. பல துறைகளைத் தழுவிய அப்பெரியார் பெயர், பல துறையினர் கூடும் அவ்விடத்தில் நிற்பது எத்துணைப் பொருத்தம்!

மாணவர்களே! நான் சொல்லிய 2012 ஆம் ஆண்டுக் கட்டுரைகள் இரண்டையும் இன்று நீங்கள் காசு கொடாது படிக்கலாம். இத்துறையின் முக்கிய சஞ்சிகைகள் பலவற்றை எவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு செய்யும் ஏற்பாடொன்றை, பல நாட்டு நூல்நிலையங்களுடன் சேர்ந்து, 2014 முதல் சேர்ண் நடத்தி வருகின்றது. முதல்முறை படிக்கும்போது பெரும்பகுதி விளங்காது, அதனால் அஞ்சவேண்டியதில்லை. முகவுரையும் முடிவுரையும் விளங்கினாற் போதும். ஏனையவற்றை உங்கள் பௌதிக ஆசிரியரிடம் கொண்டு சென்று கேளுங்கள். 1953 இல் எழுதப்பட்ட அவ்விதி, அறிவு எல்லார்க்கும் உரியது என்று சொல்லி வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றது. உட்செல்லுதல் நம் கடன்.