வாடகை மோட்டாரில் ஒரு தீவுப் பிரயாணம்

சென்ற பொங்கல் விடுமுறையில் யாம் நால்வர், வாடகைக்கு எடுத்த மோட்டார் வண்டியொன்றை யாமே ஓட்டிக்கொண்டு, தாம்பரத்திலிருந்து இராமேசுவரத் தீவிற்குச் சென்று மீண்டோம். புகைவண்டி இருக்க இவ்வீண் செலவு எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பனில் புதிய இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டபோது, தாம்பரத்திற்கும் இராமேசுவரத்திற்கும் இடையே நேராக ஒரு வண்டியும் விடப்பட்டது உண்மையே. ஆயினும் பொங்கற் காலத்தில் அதில் இடம் பெறுதல் கல்லில் நார் உரிப்பதையொக்கும். அன்றியும், எம்முள் நாகர்கோவில் நண்பருக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்து ஓராண்டு நிறைந்திருந்தது. கையில் உரிமம் இருக்கச் சும்மா இருத்தல் அவருக்கு இயலாத காரியம்.

சேலையூருக்கு அருகில் ஓரிடத்தில் வண்டியைப் பெற்றோம். சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்தும், டாக்சிக்கு மஞ்சட் பலகையில் கருப்பு எழுத்தும் இருப்பதை யாவரும் அறிவர். எமக்குக் கிடைத்ததோ கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துடையது. ஓட்டுபவன் உடையவன் அல்லன் என்பதை ஊருக்கெல்லாம் அறிவிக்கும் பலகை அது. முன்பணம் 10,000 ரூபாய். நாளொன்றுக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்படின் தனிக் கட்டணம். கீறலுக்கு ஒன்று, அழுக்கிற்கும் நாற்றத்திற்கும் 2,000 என நிபந்தனைகள் நீண்டன. படியாமலே கையொப்பமிட்டோம். முன்பணத்தைக் கொடுத்தவர் ஆம்பூர் நண்பர். தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்யும் அவர் தந்தையார் பருவக் கட்டணத்திற்கென்று அனுப்பிய தொகை அது. நான்கு நாளில் திரும்பிவிடும் பணந்தானே என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். வண்டியை வலம்வந்து பதினான்கு படங்கள் எடுத்துக்கொண்டோம். குனிந்து அடிப்புறத்தை ஒருவரும் எடுத்திலோம்.

பெருங்களத்தூரைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பரனூர்ச் சுங்கச்சாவடிக்குப் பின்னர் வழி திறந்தது. விழுப்புரம், திருச்சி, காரைக்குடி வழியாக 550 கிலோமீட்டர் அளவு சென்றோம். அவ்வழியைப்பற்றிச் சொல்லத்தக்கது யாதுமில்லை, எமது அச்சம் ஒன்றைத் தவிர. ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் நால்வர் வயிற்றிலும் அது இறங்கிற்று. உணவு விடுதியில் இட்டிலி உண்ணும்போதும் ஒருவர் வெளியே நின்று வண்டிக்குக் காவல் இருந்தார்.

பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர்ப் புகைவண்டியும் படகுமன்றித் தீவிற்கு வேறு வழி இல்லை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அதன்மீது காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. ஒருபுறம் 1914இல் அமைந்த பழைய இருப்புப் பாலமும், கப்பல் வருங்கால் நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலமும் தோன்றின. பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தலாகாது. ஆதலின் நாகர்கோவில் நண்பர் ஒருவரே கடலைக் காணாமல் கடலைக் கடந்தார்.

மறுநாள் தனுஷ்கோடி சென்றோம். ஒரு காலத்தில் எழும்பூரிலிருந்து தாம்பரத்தின் வழியே வந்த போட் மெயில் இங்கு முடிவுறும். இங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் செல்வர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் ஊரையும், 100க்கு மேற்பட்ட பயணிகளோடு வந்த புகைவண்டியையும் கொண்டுபோயிற்று. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தது 2017இல். அதுவரை மணலில் ஓடப் பழகிய வேன்களும் ஜீப்புகளுமே சென்றுவந்தன. இருமருங்கும் கடல், சாலைமீதும் மணல் படர்ந்து கிடந்தது. ஐஸ்லாந்துத் தீவில் வாடகை வண்டி எடுப்போர்க்கு மணலுக்கும் எரிமலைச் சாம்பலுக்குமெனத் தனிக் காப்புறுதி விற்பார்களாம். எமக்கு அவ்வாறு எச்சரிப்பார் இலர்.

பாழடைந்த தேவாலயத்தைக் கடந்ததும், கடலைப் பின்னணியாகக் கொண்டு வண்டியைப் படமெடுக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. யாருடைய ஆசை என்பதை ஈண்டுக் கூறாது விடுகின்றோம். தாரைவிட்டுப் பத்தடி இறங்கியதும் முன்சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகர்ந்திலது. மேலும் மிதிக்க, அச்சு வரை புதைந்தது. ஏதோ இடிபாட்டின் கல் அடியில் உரசும் ஓசை கேட்டது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் நால்வர் வந்தனர். “மிதிக்காதீங்க தம்பி, மிதிச்சா இன்னும் இறங்கும்” என்றார் மூத்தவர். சக்கரங்களில் பாதிக் காற்றை இறக்கி, மணலைக் கையால் தோண்டி, பழைய வலையையும் பனையோலையையும் சக்கரத்தின் முன் செருகி, அரை மணி நேரத்தில் தாருக்கு ஏற்றிவிட்டனர். பணம் நீட்டினோம், வாங்கிலர். “பஸ்ஸு போயிருச்சு. எங்க ஆத்தாவை ராமேசுவரத்துல இறக்கி விடுங்க, போதும்” என்றார்.

ஆத்தாவோடு ஒரு மீன் கூடையும் இருந்தது. யாம் ஒருவரையொருவர் நோக்கினோம். நிபந்தனை எமக்கு நினைவிலிருந்தது. ஆயினும் கூடையைப் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டோம்.

முன்னிருக்கையில் அமர்ந்த அம்மூதாட்டியார், “இந்தக் குளிரு வேணாம், கண்ணாடியை இறக்கு ராசா” என்றார். சிறிது தூரம் சென்றபின், யாரும் கேளாமலே, புயலின்போது தமக்கு ஆறு வயது என்றார். தந்தையார் அவரை மணல்மேட்டில் ஏற்றிவிட்டுத் தம்பியை எடுக்கச் சென்றாராம், இருவரும் திரும்பவில்லையாம். பிறகு, இவ்வண்டி என்ன விலை என்று வினவினார். எம்முடையதன்று என்றோம். “அப்ப பார்த்து ஓட்டு” என்றார்.

விடுதியில் குனிந்து நோக்கியபோது, முன் பம்பரின் அடிப்புறம் ஒரு சாண் அளவு பிளந்திருந்தது. நின்று பார்ப்போர்க்குத் தோன்றாது. பழைய பிளவென்று சொன்னால் மறுப்பதற்கும் படம் இல்லை. திருச்சியிலிருந்து திண்டிவனம் வரை எமக்குள் நிகழ்ந்த வாதத்தை எழுதப் புகின் இம்மலர் கொள்ளாது. கேட்டால் சொல்லுவோம், கேளாவிடின் வாளாவிருப்போம் என்பது முடிவாயிற்று. ஆம்பூர் நண்பர் மட்டும் ஒன்றும் பேசிலர்.

சேலையூரில் வண்டியைப் பார்வையிட்டவர் கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்து, “மீனா?” என்றார். 2,000 கழிந்தது. விளக்கொளியில் ஒருமுறை சுற்றிவந்தார், குனிந்திலர். மிகுதியைக் கொடுக்க அவர் கைப்பேசியை எடுத்த வேளையில், ஆம்பூர் நண்பர், “ஐயா, முன்பக்கம் சற்றுக் குனிந்து பாருங்கள்” என்றார். அவர் பார்த்தார், எம்மையும் ஒருமுறை பார்த்தார். மேலும் 4,500 கழிந்தது.

இழப்பை நால்வரும் பங்கிட்டுக்கொண்டோம். பருவக் கட்டணத்தின் கடைசி நாளுக்கு முந்திய மாலையில் ஆம்பூர் நண்பர் கையில் தொகை நிறைந்தது. நாகர்கோவில் நண்பர் தம் பங்கிற்காக மிதிவண்டியை விற்றுவிட்டார். இப்பொழுது விடுதியிலிருந்து வகுப்பிற்கு நடந்து வருகின்றார்.