பக்கவிளைவு என்றொரு சொல்

பக்கவிளைவு என்ற சொல்லில் ஒரு சமாதானம் ஒளிந்திருக்கிறது. முதன்மை விளைவு கூடத்தின் நடுவே அமர்ந்திருக்கும், மற்றவை திண்ணையோரமாக ஒதுங்கி நிற்கும் என்பது போன்ற ஒரு சமாதானம். அம்மாவுக்கு அக்கி வந்துபோனபின், பிள்ளைகள் நாங்கள் மூவரும் முறைவைத்துக்கொண்டு உடனிருந்த இந்த ஒன்றரை ஆண்டில் அச்சொல்லின்மேல் எங்களுக்கிருந்த மதிப்பு போய்விட்டது.

அக்கி என்றால் குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவி குழைத்து எழுதிக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அம்மா அதையும் செய்துகொண்டார், மருத்துவர் தந்த மாத்திரையையும் விழுங்கினார். சிறு வயதில் அம்மை போட்டபோது நரம்பின் வேரில் ஒண்டிக்கொண்ட கிருமி, எழுபது வயதுக்கு மேல் கண்விழித்து இடது விலாவைச் சுற்றிக் கச்சை கட்டியது போலக் கொப்புளமாக எழுந்தது. ஒரு மாதத்தில் கொப்புளங்கள் உதிர்ந்தன. எரிச்சல் உதிரவில்லை. வயது ஏற ஏற இந்த வலி தங்கிவிடும் வாய்ப்பும் ஏறுகிறது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. ரவிக்கைத் துணி உரசினாலே அம்மா துடித்தார். அப்பாவின் பழைய மல் சட்டையை அணிந்துகொண்டு, ஊரார் வரும்போது மட்டும் அதன்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டார்.

இந்நிலையில்தான் இரவுக்கு ஒன்று என்று அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதப்பட்டது. எதற்கு என்று மருத்துவர் சொல்லவில்லை. வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தால் அவரைக் குறைகூறவும் மனம் வரவில்லை. சொன்னவர் மருந்துக்கடைப் பையன். “பாட்டி, இது மனசு சரியில்லாதவங்களுக்குக் கொடுக்கிறதாச்சே!”

அன்றிரவு அம்மா மாத்திரையைத் தொடவில்லை. “எனக்கு எரியறது விலாவுல. டாக்டர் நான் பொய் சொல்றேன்னு நெனைச்சுட்டாரா?” என்றார். வலியைவிட இந்த ஐயம்தான் அவரை அதிகம் வாட்டியது.

இவ்வகை மருந்துகளின் கதையே எதிர்பாராதவற்றின் கதை. சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன், மனச்சிதைவுக்கு உதவுமோ என்று இமிப்ரமினைக் கொடுத்துப் பார்த்தார். அதற்கு உதவாமல் மனச்சோர்வைத் தணித்ததைக் கண்டு 1957இல் எழுதினார். அதன் உறவுமுறை மருந்தான அமிட்ரிப்டிலின் 1961இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகள் உண்டு. அங்கே நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைக் கூடுதல் நேரம் தங்கவைப்பதால் இம்மருந்து வலியைக் குறைக்கிறது என்கிறார்கள். மனச்சோர்வுக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவே இதற்குப் போதும். மனச்சோர்வு அறவே இல்லாதவருக்கும் பலன் கிடைக்கிறது. படுக்கையை நனைக்கும் சிறுவர்களுக்கு இதே இமிப்ரமினைக் கொடுத்ததும் உண்டு. ஒருவருக்குப் பக்கவிளைவு, இன்னொருவருக்கு வைத்தியம்! இவற்றை அம்மாவுக்கு எங்கள் மொழியில் எடுத்துச் சொல்ல இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. மூன்றாம் நாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் தூக்கம் வந்தது. பல மாதங்களுக்குப்பின் அம்மா விடியும்வரை உறங்கியதைக் கதவருகே நின்று பார்த்தோம். எரிச்சலும் ஓரளவு தணிந்தது. ஆனால் வாய் வறண்டது. வறட்சி என்று எழுதிவிடுவது எளிது. மேல் பல்செட்டு அண்ணத்தில் ஒட்டி நிற்பதே உமிழ்நீரின் தயவால்தான் என்பதை அது கழன்று இலையில் விழுந்த அன்றுதான் அறிந்தோம். பந்தியில் நான்கு பேர் பார்த்துவிட்டார்கள். அதன்பின் அம்மா எந்த விசேஷத்துக்கும் சாப்பிட உட்காரவில்லை. பொரியும் சீடையும் ஒதுக்கப்பட்டன, சோறு குழைந்தது, பேச்சினூடே நாக்கு ஒட்டிக்கொண்டது. உமிழ்நீரைச் சுரக்கவும் குடலை அசைக்கவும் கண்ணின் பார்வையைக் கூர்மையாக்கவும் உடல் அசிட்டைல்கோலின் என்ற ஒரே தூதனை அனுப்புகிறது. மருந்து அந்தத் தூதனை வாசலிலேயே மறித்துவிடுகிறது. ஆகவே மலச்சிக்கலும் வந்தது, வார இதழின் எழுத்துகளும் கலங்கின. படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலை கிறுகிறுத்தது.

எரிச்சல் முழுதும் போகவில்லை என்பதால் அளவு 25 மி.கி. ஆக்கப்பட்டது. ஐந்தாம் நாள் நள்ளிரவில் அம்மா அடுக்களையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, “அப்பா ஆபீசுக்குக் கிளம்பிட்டார், டிபன் கட்டலையா?” என்று எங்களைக் கடிந்தார். அப்பா மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991இல் தொடங்கிவைத்த, முதியோருக்கு இயன்றவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் அமிட்ரிப்டிலினும் இருக்கிறது. மனக்குழப்பம் அதற்கான காரணங்களுள் ஒன்று. மருத்துவரிடம் சொன்னதும் படிப்படியாகப் பழைய அளவுக்கு இறக்கினார்.

வேறு மருந்து இல்லாமலில்லை. டுலாக்செட்டின் இருக்கிறது, அதற்குக் குமட்டல், வியர்வை என்று வேறு பட்டியல் உண்டு, திடீரென நிறுத்தினால் தலைசுற்றும். நாட்பட்ட வலிக்குத் தரப்படும் மனச்சோர்வு மருந்துகளைப் பற்றிய கோக்ரேன் தொகுப்பாய்வு 2023இல் வெளிவந்தது. 176 ஆய்வுகள், 28,664 பேர். டுலாக்செட்டினுக்கு மட்டும் ஓரளவு நம்பத்தக்க சான்று. அமிட்ரிப்டிலினைப் பற்றி உறுதியாகச் சொல்ல இயலவில்லை. தீங்குகள் பற்றிய சான்றோ மிகப் பலவீனம். ஆய்வுகளின் சராசரி நீளம் பத்து வாரம். பத்தே வாரம்! அம்மாவின் விலா ஒன்றரை ஆண்டாக எரிகிறது.

மாற்றிப் பார்க்கலாம் என்று எங்களுள் இருவரும், இதுவே போதும் என்று ஒருவரும் வாதிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கிட்டார். “வாய் காஞ்சா தண்ணி குடிச்சுக்கலாம். தலை கொழம்பினா நான் யாருன்னு யார்கிட்டப் போய்க் கேக்கறது? பத்தே இருக்கட்டும்.” மீதி எரிச்சலைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். வாதம் அத்துடன் நின்றது.

அடுத்த மாதம் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை அவர் சொல்லச் சொல்ல எழுதிவைத்திருக்கிறோம். இதயத்துக்கு ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டுமா? மாத்திரையை எட்டு மணிக்குப் பதில் ஏழு மணிக்கே போட்டால் காலை மந்தம் குறையுமா? மூன்றாவது, பல்செட்டுக்கு ஒட்டும் பசை எது நல்லது? பங்குனியில் பேத்திக்குக் கல்யாணம்.