தலைவனுக்கு ஏன் காவல் இல்லை?

ஜொகூர் பாருவுக்குப் போகிற நம்மவர்கள் கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது, இராஜமாரியம்மனைத் தரிசித்த கையோடு ஜாலான் தான் ஹியோக் நீ பக்கமும் நடந்து பாருங்கள். பழைய கடைவீடுகள்; விறகடுப்பில் வெந்த ரொட்டியின் வாசம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அந்தத் தெருவின் பெயருக்குரியவர் யார் தெரியுமா? ஜொகூர் மகாராஜா அபு பக்கார் 1870-இல் 'சீன மேஜர்' பட்டம் தந்த தியோச்சு வணிகர்.

அந்நாளில் ஜொகூரின் ஆற்றங்கரைகளில் சீனர்கள் மிளகும், வெற்றிலையோடு நாம் போடும் காசுக்கட்டி தருகிற கம்பீர்ச் செடியும் பயிரிட்டார்கள். ஆற்றுக்கு ஒரு தலைவர். அவருக்குக் 'கங்சு' என்று பெயர். அபின், சாராயம், சூதாட்டம், அடகு எல்லாம் அவர் கையில். அவர்களுக்குப் பின்னால் நின்றது ஙீ ஹெங் என்ற இரகசியச் சங்கம். சிங்கப்பூரில் 1890-இல் இத்தகைய சங்கங்கள் தடைசெய்யப்பட்டன. ஜொகூரிலோ, 1873-ஆம் ஆண்டுச் சட்டமே அந்த ஒரு சங்கத்தை மட்டும் அனுமதித்திருந்தது!

சினிமாவில் வில்லனைச் சுற்றிப் பத்துத் தடியர்கள் நிற்பார்கள். நிஜத்தில் பெரிய தலைவர்கள் பலர் தனியாகவே நடமாடுவதுண்டு. ஏன்?

ஒருவனைத் தொட்டால் ஊரே பழிவாங்கும் என்ற சத்தியம் ஒரு காரணம். அரிசிக்கும் அபினுக்கும் கடன்பட்ட கூலியாள் கையை ஓங்குவானா என்பது இன்னொன்று. ஆள் கூட்டம் போலீசின் கண்ணை இழுக்கும் என்பது மூன்றாவது. இத்தாலியின் மாஃபியா தலைவர் புரோவென்சானோ 1963 முதல் தலைமறைவாக இருந்தார்; 2006-இல் கொர்லியோனே அருகே ஒரு பண்ணைக் குடிசையில்தான் பிடிபட்டார். தவிரவும், காவலன் இருந்தாலும் ஆபத்து உள்ளிருந்தே வரும். 1985-இல் நியூயார்க்கில் காஸ்டெல்லானோ சுடப்பட்டபோது உடன் வந்த காவலரும் செத்தார். கொல்லச் சொன்னவர் சொந்தக் கும்பல்காரர்!

ஆற்றங்கரைக் கங்சு முறை 1917-இல் ஒழிந்தது. ஆனால் அந்தப் பாடம் ஒழியவில்லை. 2013-இல் நம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது நினைவிருக்கும். அவற்றில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள்.

தோட்டத்துக் கடைக் கடனும் கள்ளுக்கடைக் கணக்கும் ஒரு மனிதனை எப்படிக் கட்டிப்போடும் என்று நம் பாட்டன்மார் அறிவார்கள். இன்றைய தலைவன் கட்டுவதும் அதே கயிற்றால்தான். முதலில் ஒரு கைச்செலவு, பிறகு ஒரு மோட்டார் சைக்கிள், கடைசியில் "அண்ணனுக்காக" ஒரு வேலை. அண்ணன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார். லாக்கப்பில் விழித்திருப்பவன் நம் பையன்.

அவருக்குத் தனிக் காவல் எதற்கு? நம் பிள்ளைகளே வேலி.

அந்தத் தெருவில் ரொட்டி வாங்கிக் கொடுக்கும்போது, இந்தக் கதையையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.