மலையில் நின்றுபோன சர்வர்

பூட் ஆகாத, யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த லினக்ஸ் சர்வரைச் சரிசெய்யும் வேலை, அது எந்தப் படியில் நின்றது என்று பார்ப்பதில் தொடங்குகிறது. மின்சாரம் வந்ததும் முதலில் பயாஸ் இயங்கி, வட்டிலிருக்கும் க்ரப் என்ற பூட் லோடரை அழைக்கும். க்ரப், கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய தற்காலிகக் கோப்பு அமைப்பையும் நினைவகத்தில் ஏற்றும். கெர்னல் ரூட் பகுதியை இணைத்தபின் சிஸ்டம்டியிடம், பழைய கணினியானால் இனிட்டிடம், பொறுப்பை ஒப்படைக்கும். ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று திரை நின்றால் க்ரப்பின் கோப்புகள் அகப்படவில்லை. கெர்னல் பேனிக் வந்தால் பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ் கெட்டிருக்கும், அல்லது வட்டு தென்படவில்லை. ரூட் கடவுச்சொல்லைக் கேட்டுப் பராமரிப்பு நிலையில் நின்றால், எந்தப் பகுதியை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் தவறான வரியோ கோப்பு அமைப்பில் சேதமோ இருக்கும்.

இந்தப் பழுதுகள் வரும் மலையூர்களில் ஒன்று அரவேணு; நீலகிரியில், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இந்தச் சரிவில் பலமாகப் பெய்யும். மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் போகும்; வந்த சூட்டில் மறுபடியும் போகும். யுபிஎஸ் பேட்டரி பழையதாக இருந்தால் சர்வர் ஒரே மாலையில் பலமுறை விழுந்து எழும். 2001 இறுதியில் எக்ஸ்ட்3 கோப்பு அமைப்பு லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தபிறகு, திடீரென்று கரண்ட் போவதை, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் அதன் ஜர்னல் ஓரளவு தாங்கிக்கொள்கிறது. பழுதுபார்ப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் போவதுதான் ஆபத்து. மலையில் இந்த வேலைக்கு வருபவர்கள் வட்டைத் தொடும் முன் யுபிஎஸ்ஸைச் சோதிப்பது அதனால்தான்.

பச்சைத்தேயிலை வாங்கும் தொழிற்சாலைகளில் சர்வருக்குள் இருப்பது சிறு விவசாயிகளின் அன்றாட இலை எடை. அதில் ஒரு நாள் காணாமல் போனால் யாரோ ஒருவருடைய மாத வருமானம் குறைகிறது. ஆகவே இயந்திரத்தைக் காட்டிலும் தரவுக்கே முதலிடம். ஆனால் இன்ஜினியர் நேரில் வர முடியாத நாட்கள் உண்டு. 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது மலைச்சாலைகள் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நேரங்களில் கோயம்புத்தூரில் இருப்பவர் போனில் சொல்ல, கணக்கர் திரையைப் படிக்கிறார். “சார், திரும்பத் திரும்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க. கடைசி பத்து வரியை போட்டோ எடுத்து அனுப்புங்க” என்பதுதான் அநேகமாக முதல் கோரிக்கை. பதற்றத்தில் பவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பவரை நிறுத்தி நிதானப்படுத்துவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி.

அரவேணுவில் ஓர் அலுவலகத்தில் நேரில் கண்ட பழுதுக்குக் காரணம், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி. அது தீர்ந்திருந்ததால் நீண்ட மின்தடைக்குப்பின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விட்டது. பழைய லினக்ஸ் பதிப்பு என்பதால், வட்டு கடைசியாக இணைக்கப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருப்பதாகச் சொல்லி, கோப்பு அமைப்பைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே பூட்டை நிறுத்தியது. வட்டில் எந்தக் குறையும் இல்லை. பயாஸில் தேதியைத் திருத்தி, பேட்டரியை மாற்றியதும் சர்வர் எழுந்தது. சேதம் என்று நம்பி வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவியிருந்தால் எல்லாக் கணக்கும் அழிந்திருக்கும்.

வட்டே நோய்ப்பட்டிருந்தால் எஃப்எஸ்சிகே ஓட்டுவது தவறு. அது எழுதும் ஒவ்வொரு திருத்தமும் மீதியைக் கெடுக்கலாம். வட்டு தன் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் படிக்க முடியாத செக்டர்கள் தெரிந்தால் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு வட்டையும் வேறொன்றில் பிரதியெடுத்து, பிரதியின்மேல் வேலை செய்கிறார்கள். பிரதியிலும் எஃப்எஸ்சிகேயின் முதல் ஓட்டம் எதையும் எழுதாத சோதனை ஓட்டம். கோப்பு அமைப்பின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக் அழிந்திருந்தால் மாற்றுப்பிரதிகள் உண்டு: 4 கிலோபைட் பிளாக் கொண்ட எக்ஸ்ட் அமைப்பில் ஒன்று 32768ஆம் பிளாக்கில் இருக்கும்.

வட்டு நலமாக இருந்து க்ரப்போ இனிட்ராம்எஃப்எஸ்ஸோ மட்டும் கெட்டிருந்தால், யுஎஸ்பியிலிருந்து லைவ் லினக்ஸை ஏற்றி, பழைய ரூட் பகுதியை இணைத்து, டெவ், ப்ராக், சிஸ் என்ற கோப்பகங்கள் மூன்றையும் அதனுள் சேர்த்து, சிஎச்ரூட் கட்டளை மூலம் உள்ளே நுழைவார்கள். அங்கிருந்தே இரண்டையும் புதுப்பிக்கலாம். கெர்னல் புதுப்பிப்பு பாதியில் நிற்பதற்குப் பூட் பகுதி நிரம்பியிருப்பதும் அடிக்கடி காரணமாகிறது.

இந்தத் திறமை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1990களில் வங்கிக் கிளைகளில் எஸ்சிஓ யூனிக்ஸ் ஓடியது. அந்தப் பெட்டிகளைப் பராமரித்தவர்கள் சிங்கிள் யூசர் என்ற பராமரிப்பு முறையில் பழகிய தலைமுறை. 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது.

சர்வர் எழுந்தபின் லாகின் திரையைப் பார்த்ததும் வேலை முடிந்ததாக அனுபவசாலிகள் எண்ணுவதில்லை. டேட்டாபேஸிலுள்ள கடைசி நாட்களின் எடையைக் காகித ரசீதுகளோடு ஒப்பிட்டு, விடுபட்டதைக் கணக்கரோடு சேர்ந்து ஏற்றுகிறார்கள். வெளிவட்டுக்குப் புதிய பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்க்கிறார்கள். கடைசியாக யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கம்பியால் சர்வரோடு இணைத்து, பேட்டரி குறையும்போது சர்வர் தானாக ஒழுங்காக அணையும்படி அமைக்கிறார்கள்.