கூரை திறந்த பனிவீடு

ஆவணப்படம் எடுப்பவர் எவரேனும் தாம் கண்டதைக் கண்டபடியே காட்டியதாகச் சத்தியம் செய்ய முடியுமா என்பது எனக்கு நெடுநாளைய சந்தேகம். ஏனெனில், பிறர் எடுத்து வரும் படச்சுருளை எடிட்டிங் மேஜையில் வெட்டி ஒட்டியே காலம் கழித்த எனக்கு, காலையில் எடுத்த ஒரு முகத்தையும் மாலையில் எடுத்த ஒரு தெருவையும் அடுத்தடுத்து வைத்து, அந்த மனிதர் அந்தத் தெருவைத்தான் பார்க்கிறார் என்று ஜனங்களை நம்பச் செய்வது அன்றாடத் தொழில். ஊமைக் காமிராவில் பதிவான தறிக்கு வேறொரு தறியின் ஓசையைச் சேர்ப்பதை ஒருவரும் பொய்யென்று சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன்.

இக்கலையின் பிதாமகர் என்று கொண்டாடப்படும் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியே இவ்விஷயத்தில் முதல் குற்றவாளி. கனடாவின் வடபகுதியில் அவர் எடுத்து 1922-இல் வெளியிட்ட ‘நானூக் ஆஃப் தி நார்த்’ படத்தில், பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாமையால் அதன் ஒரு பாதியை நீக்கிவிட்டு, திறந்த குளிரில் அக்குடும்பத்தைத் தூங்கியெழச் செய்தார். இனுயிட் மக்களிடையே துப்பாக்கி புழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில், ஈட்டியாலேயே வால்ரஸை வேட்டையாடச் சொன்னார். நானூக் என்பதுகூட அந்த வேட்டைக்காரரின் பெயரன்று. அல்லகாரியல்லாக் என்பதே அவர் பெயர்.

உண்மை வெளிப்பட்ட பிறகு, படத்தால் நாம் அடைந்த அறிவில் எது எஞ்சுகிறது என்பதே நான் கையில் வைத்திருக்கும் உரைகல். பனிக்கட்டிகளை அறுத்தடுக்கி அல்லகாரியல்லாக் வீடு கட்டும் கைத்திறன் அவருடையதே. பாதிச் சுவரை எடுத்ததால் மாறியது வெளிச்சம் மாத்திரமே. ஆகையால் பனிவீட்டை நான் மன்னித்துவிட்டேன். ஈட்டி விஷயத்தில் என் மனம் அவ்வளவு தாராளமாக இல்லை. 1934-இல் வந்த ஃபிளாஹர்ட்டியின் ‘மேன் ஆஃப் ஆரன்’ படத்தையோ சிறிதும் மன்னிக்க இயலவில்லை: அயர்லாந்தின் மேற்கே உள்ள ஆரன் தீவுகளில், விளக்கெரிக்கும் எண்ணெய்க்காகப் பெருஞ்சுறாவை வேட்டையாடும் வழக்கம் வெகுகாலத்துக்கு முன்பே ஒழிந்துபோயிருக்க, அவ்வித்தையை அறியாத மீனவர்களுக்கு அதைப் புதிதாகக் கற்பித்து, கொந்தளிக்கும் கடலில் படகையும் இறக்கி, இதுதான் இவர்களுடைய இன்றைய ஜீவனம் என்று உலகத்தை நம்பவைத்தார். தாய், தந்தை, மகன் என்று நாம் பார்க்கும் மூவரும் ஒரே குடும்பத்தவர் அல்லர் என்பது இதன்முன் அற்பமானது.

ஈரானிய டைரக்டர் அப்பாஸ் கியாரோஸ்தமி ‘க்ளோஸ்-அப்’ படத்தில் (1990) வேறு மார்க்கத்தைக் கைக்கொண்டார். பிரசித்தி பெற்ற டைரக்டர் மக்மல்பாஃப் நான்தான் என்று ஒரு குடும்பத்தை ஏமாற்றியவரையும், ஏமாந்த குடும்பத்தையுமே அழைத்து, நடந்ததை அவர்களைக் கொண்டே திரும்ப நடிக்கவைத்தார். கடைசிக் காட்சியில், நிஜமான மக்மல்பாஃப் வந்து அம்மனிதரைச் சந்திக்கிறார். மைக் பழுதுபட்டதுபோல் அவர்கள் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது. அந்தப் பழுது வேண்டுமென்றே செய்த ஜோடனை. என் உரைகல்லின்படி பார்த்தால் இங்கேயும் நாம் வஞ்சிக்கப்பட்டவர்களே. ஆயினும், இரு மனிதர்களின் அந்தரங்கத்தை மறைப்பதற்கு, சப்தத்தோடு மல்லுக்கட்டும் எங்களைப் போன்றவர்கள் தினமும் திட்டித் தீர்க்கும் கோளாறு ஒன்றையே திரையாக்கிக்கொண்ட அந்தச் சாமர்த்தியத்தின்மேல் எனக்குள்ள பொறாமை இன்னும் தீரவில்லை.